ஜொகூரா, சென்னையா, சிங்கப்பூரா: வெளிநாட்டு முதலீட்டில் தரவு மையம் கட்டுவோருக்கு ஒரு ஒப்பீடு

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். சரக்குப் போக்குவரத்துத் தொழில் செய்யும் குடும்பம். அப்பா தொடங்கியதை இப்போது அக்காவும் தம்பியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு கிடங்குகளை விற்ற பணம் கையில் இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார்.

"அண்ணே, பத்து மெகாவாட்ல ஒரு டேட்டா சென்டர் போடலாம்னு இருக்கோம். ஜொகூர்ல இடம் பாத்தாச்சு. மாமா என்னடான்னா அம்பத்தூர்ல ஒரு பழைய ஃபேக்டரி வருது, அதை வாங்கிப்போடுங்கிறார். எதுண்ணே சரி?"

ஜொகூர், சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலம். அம்பத்தூர், சென்னையின் பழைய தொழிற்பேட்டை. டேட்டா சென்டர் என்பது நிறுவனங்களின் சர்வர்களை வைத்து இரவு பகலாக ஓட்டும் கட்டடம், தமிழில் தரவு மையம். இதே கேள்வி கோலாலம்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும்கூட எனக்கு வந்திருக்கிறது. ஊர்ப்பெயர்கள் மாறும், குழப்பம் ஒன்றுதான். நான் முதலீட்டு ஆலோசகன் கிடையாது. கட்டி முடித்த தரவு மையத்துக்குள் முதல் சர்வர் போவதற்கு முன், அதன் மின்சாரத்தையும் குளிரூட்டலையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற ஆள். அந்த இடத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

## முதலில் ஒரு காலிக் கட்டடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தரவு மையத்தில் வேலை. கட்டடம் முழுதாக முடிந்திருந்தது. எபாக்சி பூசிய தரையில் முகம் பார்க்கலாம். சர்வர்களை அடுக்கும் ரேக்குகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வரிசையாக நின்றன. சர்வர்களுக்குப் பதிலாக லோட் பேங்க் என்று சொல்லும் சக்கரம் வைத்த ஹீட்டர்களை உள்ளே உருட்டிவைத்து, ஜெனரேட்டரில் ஓட்டி, நான்கு நாள் இரவு பகலாகச் சோதித்தோம். எல்லாம் தேறியது.

வராதது ஒன்றே ஒன்றுதான்: வெளியிலிருந்து வரவேண்டிய மின்சாரம். துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைனில் இரண்டு கோபுரங்களுக்கு வழி கிடைக்கவில்லை. ஐந்து மாதம் அப்படியே போனது. வருவதாக இருந்த வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் தேதியைக் காட்டி விலகிவிட்டார். அடுத்த முறை நான் போனபோது, காவலாளி அந்த மின்னும் தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காத்திருப்பதன் விலை என்ன என்று பாருங்கள். இந்தியாவில் நிலம் நீங்கலாக ஒரு மெகாவாட்டுக்கு 40 கோடியிலிருந்து 70 கோடி ரூபாய் வரை செலவு சொல்வார்கள். பத்து மெகாவாட்டுக்கு 500 கோடி என்று வையுங்கள். அதில் 325 கோடி கடன், வட்டி 10 சதவீதம் என்றால், சும்மா கிடக்கும் ஒவ்வொரு மாதமும் 2.7 கோடி ரூபாய் வட்டி.

அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் மின்சாரம் எந்தத் தேதியில் வரும், அதை யார் எழுத்தில் கொடுத்திருக்கிறார் என்று கேட்கிறேன். நிலம், வரிச்சலுகை, கட்டடம் எல்லாம் அப்புறம்.

## எதை வைத்து அளப்பது

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இவை. வரிசையும் முக்கியம்.

மின்சாரத் தேதி. "இங்கே கரண்டுக்குப் பஞ்சமே இல்லை" என்று நிலத்தரகர் சொல்வது ஒன்றுக்கும் உதவாது. சாத்தியம் இருக்கிறது என்று மின்நிறுவனம் தரும் கடிதம் வேறு, இவ்வளவு மின்பளு ஒதுக்கியிருக்கிறோம் என்ற உத்தரவு வேறு, லைன் இழுத்து மின்சாரம் ஏற்றும் நாள் வேறு. மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டும்.

வாடகைக்கு வருபவர். ஊருக்கு ஊர் வாடிக்கையாளர் மாறுகிறார். இதை விளங்கிக்கொள்ளாமல்தான் பலரும் ஜொகூரையும் சென்னையையும் ஒரே தராசில் வைக்கிறார்கள்.

யூனிட் விலை. பத்து மெகாவாட் மையம் என்றால் சர்வர்கள் பத்து மெகாவாட் வரை எடுக்கலாம் என்று பொருள். அதில் 70 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர்கள் எடுப்பது 7 மெகாவாட். குளிரூட்டலும் இழப்பும் சேர்த்துக் கட்டடம் எடுப்பது அதைப்போல் ஒன்றரை மடங்கு என்றால், மொத்தம் 10.5 மெகாவாட். இந்த மடங்கைத்தான் எங்கள் தொழிலில் பியூஇ என்கிறோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 9.2 கோடி யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடினால் ஆண்டுக்கு 9.2 கோடி ரூபாய் கூடும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மின்கட்டணத்தை வாடிக்கையாளரே கொடுத்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து ஊரில் பில் குறைவு என்றால், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அவர் அங்கே போய்விடுவார்.

நிலத்தின்மேல் என்ன உரிமை, பணத்தைத் திரும்ப எடுத்துப்போவது எப்படி. இவை இரண்டும் வக்கீலும் ஆடிட்டரும் பார்க்கவேண்டியவை. ஆனாலும் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரியவை.

தண்ணீர். இதைக் கடைசியில் எழுதினாலும் கடைசியில் யோசிக்கக் கூடாது. ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.8 லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் சராசரி. மேலே சொன்ன 7 மெகாவாட்டுக்கு அது நாளொன்றுக்கு 3 லட்சம் லிட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி தினமும் 25 நடை.

## சிங்கப்பூர்: கதவு திறந்திருக்கிறது, ஆனால் குறுகலாக

கேபிள்களும் வாடிக்கையாளர்களும் நீதிமன்றமும் எல்லாமே முதல்தரம். அங்கே 70-க்கும் மேற்பட்ட தரவு மையங்கள், 1.4 கிகாவாட்டுக்கும் மேல் இயங்குகின்றன. 2020-இல் நாட்டின் மொத்த மின்நுகர்வில் சுமார் 7 சதவீதம் இவற்றுக்கே போனது. மின்சாரம் இப்படிப் போவதைப் பார்த்துத்தான் 2019-இலிருந்தே புதியவற்றுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது.

2022-இல் தடை விலகியது. ஆனால் அதன்பின் வந்தது போட்டி முறை. முதல் சுற்றில் பியூஇ 1.3-க்கு மேல் போகக் கூடாது, நாட்டுக்கு என்ன பயன் என்று காட்டவேண்டும் என்றார்கள். 2023 ஜூலையில் தேர்வானவை நான்கே: ஈக்வினிக்ஸ், ஜிடிஎஸ், மைக்ரோசாஃப்ட், ஏர்ட்ரங்க்கும் பைட்டான்ஸும் சேர்ந்த கூட்டணி. நான்குக்கும் சேர்த்து ஏறக்குறைய 80 மெகாவாட். 2024 மே மாதம், இன்னும் குறைந்தது 300 மெகாவாட்டுக்கு இடம் தருவோம் என்று ஒரு திட்ட வரைவு வந்தது.

இந்தப் பெயர்களைப் பார்த்தாலே, முதன்முதலாகத் தொழிலுக்கு வரும் குடும்பத்துக்கு இங்கே புதுக் கட்டடம் கிடைப்பது மிகக் கடினம் என்று தெரியும். மறைந்திருக்கும் செலவும் உண்டு. அரசின் தொழில்நில அமைப்பான ஜேடிசி தரும் நிலம் பெரும்பாலும் 20, 30 ஆண்டுக் குத்தகை. கட்டி, நிரப்பி, கடன் அடைத்து நிமிரும்போது குத்தகையில் பாதி கரைந்திருக்கும். கட்டுமானச் செலவிலும் உலகிலேயே மிக அதிகமான ஊர்களில் ஒன்று.

சரி, சிங்கப்பூர் யாருக்கு? கட்டாமலே இந்தத் தொழிலில் பங்கு வேண்டும் என்பவருக்கு. அதற்கு வழி ரெய்ட்: கட்டடங்களை வைத்திருந்து, வாடகையைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பங்குச்சந்தை நிதி. கெப்பல் டிசி ரெய்ட் 2014 டிசம்பரிலிருந்து சிங்கப்பூர்ச் சந்தையில் இருக்கிறது. 2021-இல் டிஜிட்டல் கோர் ரெய்ட்டும் 2025-இல் என்டிடி டிசி ரெய்ட்டும் வந்தன. ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் முடக்காமல், பல நாடுகளில் இருக்கும் கட்டடங்களின் வாடகையில் பங்கு பெறலாம். வேண்டாம் என்றால் விற்றுவிட்டு வெளியே வரலாம். விலை ஏறி இறங்கும், அது வேறு. ஆனால் எனக்கு இரவு மூன்று மணிக்கு வரும் அலார அழைப்பு உங்களுக்கு வராது.

## ஜொகூர்: சிங்கப்பூரின் பின்வாசல்

சிங்கப்பூர் கதவைச் சாத்திய மூன்று ஆண்டுகளில் கூட்டம் பாலத்தைத் தாண்டியது. கூலாய், செடெனாக், நூசாஜெயா என்று எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டடங்கள். முதன்முதலில் நான் செடெனாக் போனபோது ஓட்டுநர் கையை நீட்டி, "அதோ அதுவும் டேட்டா சென்டர், இதுவும் டேட்டா சென்டர், அந்தப் பக்கம் தோண்டுறாங்களே, அதுவும்தான்" என்றார்.

ஜொகூரின் பலம் தூரம்தான். ஒளியிழையில் ஆயிரம் கிலோமீட்டருக்குப் போகவர சுமார் 10 மில்லி நொடி. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அது ஒன்றிரண்டு மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். சிங்கப்பூர் வாடிக்கையாளர் தன் சர்வர்களில் பாதியை அங்கே வைத்தாலும் இணைப்பு ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல நடக்கும். 2025 ஜனவரியில் இரு நாடுகளும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் இந்த வழியை இன்னும் சுலபமாக்கத்தான்.

மின்சாரத்திலும் ஜொகூர் முந்திக்கொண்டது. மூன்று ஆண்டுவரை இழுக்கக்கூடிய உயர் அழுத்த இணைப்பை 12 மாதத்தில் தருவோம் என்று மலேசிய மின்நிறுவனமான தெனாகா நேஷனல் 2023-இல் தனி விரைவு வழியே திறந்தது. என் அளவுகோலில் முதலிடம் தேதிக்கு என்பதால், ஜொகூருக்கு இது பெரிய மதிப்பெண்.

வண்ண விளம்பரத் தாள்களில் வராதவையும் உண்டு.

கட்டணம் மாறிவிட்டது. 2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவின் மின்கட்டண முறையே திருத்தப்பட்டது. மிக உயர் அழுத்தத்தில் எடுப்பவர்களுக்குத் தனி வகை வந்தது, தரவு மையங்களுக்குப் பில் ஏறியது. 2023-இல் போட்ட கணக்கை எக்செல்லில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் சிலர் முதலீட்டாளரிடம் காட்டுகிறார்கள். தேதியைக் கேளுங்கள். அதே மாதம் விற்பனை, சேவை வரியும் விரிந்தது: வணிக வாடகைக்கு அப்போது 8 சதவீதம், கட்டுமானச் சேவைக்கு 6 சதவீதம். உங்களுக்கு எது பொருந்தும், எதற்கு விலக்கு உண்டு என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மாநிலம் இப்போது பொறுக்கி எடுக்கிறது. தரவு மையங்களுக்காக 2024-இல் அமைந்த ஒருங்கிணைப்புக் குழு, வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பியதாகச் செய்தி வந்தது. தண்ணீரும் மின்சாரமும்தான் காரணம். நிலத்தை வாங்கிவிட்டு அனுமதி கேட்பது தலைகீழ் வேலை. வெளிநாட்டவர் நிலம் வாங்க, தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசின் சம்மதமும் வேண்டும்.

ஏஐ சிப்புகளை நம்பிக் கட்டுபவர்களுக்கு இன்னொரு கவலை. 2025 ஜனவரியில் அமெரிக்கா கொண்டுவந்த சிப் ஏற்றுமதி விதி மே மாதமே திரும்பப் பெறப்பட்டது. ஜூலையில் மலேசியா தன் பக்கமிருந்து, அமெரிக்க ஏஐ சிப்புகளை வெளியே அனுப்பவோ வழிமாற்றவோ அனுமதி வாங்கவேண்டும் என்றது. ஆறே மாதத்தில் மூன்று திருப்பம். உங்கள் ஒரே வாடிக்கையாளர் இந்த ஏஐ சிப்புகளை (ஜிபியு) ஓட்டும் நிறுவனம் என்றால், உங்கள் கட்டடத்தின் விதி வாஷிங்டனில் எழுதப்படுகிறது.

ஆள் பிரச்சினையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல மின் தொழில்நுட்பர் ஒருவரைப் பயிற்சி கொடுத்துத் தேற்றினால், ஒரு வருடத்தில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்ச் சம்பளத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தினமும் காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் எல்லையைக் கடக்கும் அந்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இயக்கச் செலவில் சம்பளத்துக்கு இரட்டைக் கோடு போட்டு வையுங்கள்.

பணத்தைத் திரும்ப எடுப்பதில் மலேசியா சுலபம். நிறுவன வரி 24 சதவீதம், ஆனால் ஈவுத்தொகையை, அதாவது லாபப் பங்கை, வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வரிப் பிடித்தம் கிடையாது.

## சென்னை: கேபிள் கரையேறும் ஊர்

அம்பத்தூரை நான் நேசிக்கிறேன், அதை மறைக்கவில்லை. சைக்கிளும் டயரும் செய்த தொழிற்பேட்டை அது. பழைய ஆலைகளின் பெரிய மனைகள், பக்கத்திலேயே துணை மின்நிலையங்கள், மூன்று தலைமுறையாக ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் வாழும் தெருக்கள். இன்றைக்கு அதே பேட்டையில் என்டிடி இருக்கிறது. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் வளாகம் திறந்தது. தெற்கே சிறுசேரியில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பூங்காவில் அதானிகனெக்ஸ், ஈக்வினிக்ஸ். மும்பைக்கு அடுத்து நாட்டில் பெரிய தரவு மைய ஊர் சென்னைதான்.

காரணம் கடல், அதாவது கடலடி இணையக் கேபிள்கள். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே 2002-இல் ஐ2ஐ, 2004-இல் டாடாவின் கேபிள், இரண்டும் 3,200 கிலோமீட்டர் அளவு. அப்புறம் சீ-மீ-வீ 4, வங்காள விரிகுடா கேபிள், அந்தமானுக்கு 2020-இல் போட்டது என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி சிங்கப்பூருக்குப் போகவர 32 மில்லி நொடி ஆகும். ஆகவே சிங்கப்பூரில் இடம் கிடைக்காத உபரித் தேவையை நம்பிச் சென்னையில் கட்டினால் ஏமாற்றம்தான். சென்னையின் வாடிக்கையாளர் இந்தியர்: வங்கிகள், பணப்பரிமாற்றச் செயலிகள், கிளவுட் நிறுவனங்களின் இந்தியக் கிளைகள். பணப்பரிமாற்றத் தரவு முழுவதும் இந்தியாவுக்குள்தான் இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்தத் தேவை ஜொகூருக்கு ஓடிப்போகாது.

உள்ளே வருவது சுலபம். தரவு மையத்தில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை. ஒரு விலக்கு உண்டு: பணத்தின் உண்மையான உரிமையாளர் இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாட்டைச் சேர்ந்தவர் என்றால், அரசின் முன் அனுமதி கேட்கும் 2020 ஏப்ரல் விதி குறுக்கே வரும். கூட்டாளியின் பங்குப் பட்டியலை மேல்வரை தேடிப் பாருங்கள். என்ஆர்ஐ (வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள்), ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர்) ஆகியோருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பணத்தைத் திரும்ப எடுத்துப்போகும் உரிமை இல்லாமல் முதலீடு செய்தால் அது உள்நாட்டுப் பணமாகவே கருதப்படும். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி வந்து தொழில் செய்யப்போகிறார்கள் என்றால் யோசிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

2022-இல் தரவு மையங்களுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கிடைத்தது, 5 மெகாவாட்டுக்கு மேல் இருந்தால் நீண்டகாலக் கடன் வாங்குவது எளிது. தமிழ்நாடு 2021-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. 2026 பட்ஜெட்டில் வந்த 2047 வரையான வரிவிலக்கைப் பற்றித்தான் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு கேட்கிறார்கள். அது இந்தியத் தரவு மையங்களைப் பயன்படுத்தி உலகத்துக்குச் சேவை விற்கும் வெளிநாட்டுக் கிளவுட் நிறுவனங்களுக்கு. கட்டடக்காரரான உங்களுக்கு நேரடியாக அல்ல, உங்களிடம் குடியிருக்க வருபவருக்கு.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். சொந்த ஊர் என்பதால் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

முதலாவது, நிலம். மாமா சொன்ன அந்தப் பழைய ஃபேக்டரிக்கு முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது. பட்டா, மூலப்பத்திரம், தொழிலாளர் பாக்கி வழக்கு, வங்கி அடமானம், பழைய வரைபடத்தில் ஏரி உள்வாயா, வாய்க்கால் புறம்போக்கா என்று எல்லாம் பார்க்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிரே டீக்கடைக்காரரைக் கேளுங்கள். ஒருமுறை நான் கேட்டபோது அவர் ஒன்றும் பேசாமல் சுவரில் ஒரு கறையைக் காட்டினார், என் இடுப்பளவு. அந்த மனையில் ஜெனரேட்டர் மேடையையும் மின்சுவிட்ச் அறையையும் முதல் மாடிக்கு ஏற்றவேண்டியதாயிற்று. சிப்காட் மனை என்றால் 99 ஆண்டுக் குத்தகை, பத்திரத் தலைவலி குறைவு.

இரண்டாவது, ஜிஎஸ்டி. கட்டுமானத்தின்மேல் 18 சதவீதம் கட்டுவீர்கள். கட்டடத்துக்கான பகுதியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது. இயந்திரங்களுக்குப் பெறலாம். எது கட்டடம், எது இயந்திரம் என்பதில்தான் சண்டையே. உச்ச நீதிமன்றம் 2024-இல் கொஞ்சம் வழிவிட்டது, 2025 நிதிச் சட்டம் முன்தேதியிட்டு அந்த வழியை அடைத்தது. ஒப்பந்தக்காரருடன் கையெழுத்திடும் முன்பே சிவில், மின்சாரம், குளிரூட்டல் என்று பில்களைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மின்சாரம். மின்வாரியத்தின் உயர் அழுத்தக் கட்டணம் யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல், அதோடு எடுக்கும் மின்பளுவுக்குக் கேவிஏ கணக்கில் மாதாந்திரத் தேவைக் கட்டணம் தனி. இதைக் குறைக்கத் தமிழ்நாட்டில் நல்ல வழி ஒன்று இருக்கிறது: கூட்டுச் சொந்த உற்பத்தி. கயத்தாறிலோ முப்பந்தலிலோ இருக்கும் காற்றாலை நிறுவனத்தில் பயனாளர்கள் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதமாவது எடுத்துக்கொண்டால், வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குபவர்மேல் விழும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் விழாது. பசுமை மின்சாரம் கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் இது பதில். ஆனால் காற்று அடிப்பது மே முதல் செப்டம்பர் வரை. மீதி மாதங்களுக்குச் சூரிய ஒளியும் வாரிய மின்சாரமும் கலக்கவேண்டும்.

நான்காவது, தண்ணீர். 2019 கோடையை மறக்க முடியுமா? அதனால் இங்கே காற்றால் குளிரும் சில்லர்கள் (குளிரூட்டும் இயந்திரங்கள்) தான் அதிகம். தண்ணீர் மிச்சமாகும், மே மாத 41 டிகிரியில் மின்சாரம் கூடுதலாகப் போகும். பியூஇ 1.3-க்குப் பதில் 1.5 என்றால், எட்டு ரூபாய் யூனிட் கணக்கில் நம் மாதிரி மையத்துக்கு ஆண்டுக்கு 9.8 கோடி ரூபாய் வித்தியாசம். கோயம்பேட்டில் சுத்திகரித்த கழிவுநீர் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் போகிறது. அந்தக் குழாய் உங்கள் மனைக்குப் பக்கத்தில் வருகிறதா என்பது கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி.

ஐந்தாவது, ரூபாய். 2015-இல் டாலருக்கு 64 அளவில் இருந்தது, 2025-இல் 85-ஐத் தாண்டியது. உங்கள் வாடகை ரூபாயில், வீட்டுக் கணக்கு சிங்கப்பூர் வெள்ளியில் என்றால், ஆண்டுக்கு மூன்று சதவீதம் போல் கரையும் என்று வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும். ஈவுத்தொகைக்கும் பிடித்தம் உண்டு. சிங்கப்பூர் நிறுவனம் குறைந்தது 25 சதவீதப் பங்கு வைத்திருந்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 10 சதவீதம், மலேசிய நிறுவனத்துக்கு 5 சதவீதம். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்சி-ஜிபிஆர் என்ற படிவம் தாக்கல் செய்யவேண்டும். தவறினால் பின்னால் அபராதம்.

ஆள்பலத்தில் மட்டும் சென்னைக்கு இணை இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு பிரேக்கர் விழுந்தால், காரணத்தைச் சொல்லத் தெரிந்த நால்வர் இருபது நிமிடத் தூரத்தில் இருப்பார்கள்.

## பாத்தாமும் விசாகப்பட்டினமும்

இவற்றையும் சிலர் கேட்கிறார்கள். பாத்தாம் தீவின் நோங்சா, சிங்கப்பூருக்கு ஜொகூர் போலவே அருகில், சிறப்பு மண்டலம். ஆனால் கடலடிக் கேபிளையும் உள்ளூர் மின்சாரத்தையும் நம்பியது, இந்தோனேசிய நில உரிமையும் கட்டம் கட்டமாகப் புதுப்பிக்கவேண்டியது. முதல் மையத்துக்கு நான் சொல்லமாட்டேன். விசாகப்பட்டினத்தில் 2025 அக்டோபரில் கூகுள் 1,500 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. அது பெரிய யானைகள் நடக்கும் பாதை. பத்து மெகாவாட்காரருக்கு அங்கே வாடிக்கையாளர் உருவாக இன்னும் காலமாகும்.

## ஒரே பார்வையில்

| | சிங்கப்பூர் | ஜொகூர் | சென்னை |
|---|---|---|---|
| புதிதாகக் கட்ட அனுமதி | போட்டி முறை, மிகக் கடினம் | மாநிலக் குழு பொறுக்குகிறது | முன் அனுமதி இல்லை, உள்ளூர் ஒப்புதல்கள் பல |
| மின்சாரத் தேதி | ஒதுக்கீடு கிடைத்தால் உறுதி | விரைவு வழி உண்டு | மனைக்கு மனை மாறும் |
| வாடிக்கையாளர் | உலக நிறுவனங்கள் | சிங்கப்பூர் உபரி, ஏஐ | இந்திய வங்கி, கிளவுட் |
| நிலம் | 20-30 ஆண்டுக் குத்தகை | மாநிலச் சம்மதம் வேண்டும் | சிப்காட் 99 ஆண்டு, அல்லது பத்திரம் |
| ஈவுத்தொகைப் பிடித்தம் | இல்லை | இல்லை | உண்டு |
| பெரிய பயம் | செலவு | கட்டணம், சிப் விதிகள் | வெள்ளம், ரூபாய் |

## தனியாகக் கட்டுவதா, கூட்டா, வாடகையா

ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட இதில்தான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

தனியாகக் கட்டினால் எல்லா லாபமும் உங்களுக்கு, எல்லாத் தாமதமும் உங்களுக்கு. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். கட்டிவைத்தால் வருவார்கள் என்று தொடங்கிய ஹால்களில் ரேக்குகள் உறை பிரிக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளூரில் ஏற்கெனவே மையம் நடத்துபவரோடு கூட்டுச் சேர்ந்தால், நிலமும் கட்டடக் கூடும் மின்னிணைப்பும் உங்கள் பங்கு, உள்ளே இயக்குவதும் வாடிக்கையாளர் பிடிப்பதும் அவர் பங்கு என்று பிரிக்கலாம். வரவு குறையும், தூக்கம் வரும். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: மின்பளு ஒதுக்கீடு யார் பெயரில் இருக்கிறது? கூட்டாளி பெயரில் இருந்தால், பிரியும்போது கட்டடம் உங்களுக்கு மிஞ்சும், மின்சாரம் அவரோடு போகும்.

மூன்றாவது வழி, இருக்கும் மையத்தில் அரை மெகாவாட், ஒரு மெகாவாட் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, சின்ன நிறுவனங்களுக்கு ரேக் ரேக்காக விற்பது. முதலீடு சிறியது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார், எதற்குக் காசு கொடுக்கிறார் என்று இரண்டு வருடத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் கட்டலாம்.

## அந்தத் தம்பிக்கு நான் சொன்னது

கையில் கையெழுத்திட்ட வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை, ஆனால் அவர்கள் சரக்குத் தொழிலின் பழைய வாடிக்கையாளர்களில் சிலர் தங்கள் சர்வர்களைச் சிங்கப்பூருக்கு வெளியே வைக்க விசாரிக்கிறார்களாம். அப்படியென்றால் உங்கள் சந்தை சிங்கப்பூர், ஆகவே ஜொகூர். ஆனால் நிலம் வேண்டாம். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மையத்தில் ஒரு மெகாவாட் எடுங்கள், அந்தப் பழைய வாடிக்கையாளர்களை முதலில் கொண்டுவாருங்கள் என்றேன். இந்திய வங்கியோ பணப்பரிமாற்ற நிறுவனமோ கையில் இருந்திருந்தால், யோசிக்காமல் சென்னை என்று சொல்லியிருப்பேன்.

மாமாவின் ஃபேக்டரியை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். முன்பணம் கொடுக்கவேண்டாம், மூன்று காகிதம் கேளுங்கள் என்றேன்: மூலப்பத்திரத்தோடு வில்லங்கச் சான்றிதழ், 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம், பத்து மெகாவாட் மையத்துக்கு வேண்டிய மின்சாரம் எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து எந்த மாதம் வரும் என்று மின்வாரியத்தின் கடிதம். முதலிரண்டும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. தண்ணீர் முழங்கால் அளவுதான். மூன்றாவதற்கு மாமா இன்னும் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.